பெல்லந்தூரில் ஊற்றுவது பெண்ணையாற்றில் போய்ச் சேருகிறது

பெங்களூரில் பெல்லந்தூர், வர்த்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கத்து அடுக்ககங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலுக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும் பேச்சு நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆரம்பமாகிவிட்டது. எந்த ஆசிட் ஊற்றினால் குளியலறைக் கறை ஒரே தேய்ப்பில் போகும், ஐந்து லிட்டர் பினாயில் கேன் எங்கே மலிவு என்று தினமும் யாராவது கேட்கிறார்கள், யாராவது பதில் சொல்கிறார்கள். நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன் இந்த மடலைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே அவசரமாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருக்கோவிலூர். தென்பெண்ணை ஆற்றங்கரை. ஆற்றுக்கு நடுவில் கபிலர் குன்று நிற்கும். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். நாங்கள் மணலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். கல்யாணமாகிப் பெங்களூர் வந்தபோது அந்த ஆற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அப்பா போன் செய்தார். "ஏம்மா, ஓசூர்கிட்ட கெலவரப்பள்ளி அணையில வெள்ளை வெள்ளையா நுரை பொங்குதுன்னு டிவியில காட்டறான். பெங்களூர்ல இருந்து வர தண்ணியாம். நீ இருக்கிற பக்கமா அது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூரிலிருந்து வழிவது தட்சிண பினாகினியில் சேர்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் அந்தத் தட்சிண பினாகினிதான் நம் தென்பெண்ணை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, அதன் பிறகு எங்கள் திருக்கோவிலூர், கடைசியில் கடலூரில் கடல். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் என் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் ஓட்டைக்குக் கீழேயே இருந்தது.

நகரின் மேற்குப் பக்கம் இருப்பவர்கள் நமக்கு இதில் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். மேற்கே சரியும் கழிவுநீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் வருகிறது. காவிரித் தண்ணீர் விவகாரம் எழும்போதெல்லாம் நம் குழுக்களில் எவ்வளவு ஆவேசமாகப் பேசுகிறோம்! எத்தனை டி.எம்.சி. வர வேண்டும் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறோம். வருகிற தண்ணீர் எப்படி வருகிறது என்பதில் நம் கையும் இருக்கிறது என்பதை மட்டும் நாம் பேசியதே இல்லை.

பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்ததை நம்மில் பலர் பால்கனியில் நின்றே பார்த்திருக்கிறோம். 2015 மே, 2017 பிப்ரவரி, 2018 ஜனவரி. கடைசி முறை ராணுவ வீரர்கள் வந்து அணைக்க வேண்டியிருந்தது. காற்றில் பறந்து வந்து சாலையில் விழுந்த நுரையைப் பிள்ளைகள் பனி என்று சொல்லித் தொடப் போனார்கள். அந்த நுரை துணி துவைக்கும் பவுடரிலும் பாத்திரம் விளக்கும் திரவத்திலும் இருக்கும் நுரைப் பொருளால் வருவது. காற்றோட்டம் உள்ள தண்ணீரில் நுண்ணுயிரிகள் அதைத் தின்று தீர்த்துவிடும். காற்றில்லாத சேற்றில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பெருமழை வந்து ஏரியைக் கலக்கும்போது சேற்றோடு மேலே வந்து, மதகில் விழும் இடத்தில் பொங்குகிறது. இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இந்த ஏரியை வைத்தே இதை விளக்கியிருக்கிறார்கள். சில பவுடர்களில் சேர்க்கப்படும் பாஸ்பேட் நுரையைக் கிளப்புவதில்லை, அது ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. ஆகாயத்தாமரை ஏரியை மூடினால் தண்ணீருக்குள் காற்று இறங்காது. காற்று இல்லாவிட்டால் நுரைப் பொருளும் அழியாது.

"நம் அடுக்ககத்தில்தான் எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே, சுத்தம் செய்துதானே வெளியே விடுகிறார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன ஆண்டு கீழே போய் அதை நடத்தும் தம்பியிடம் காட்டச் சொன்னேன். ஒரு பெரிய தொட்டியில் இடைவிடாமல் காற்றை ஊதுகிறார்கள். பழுப்பு நிறத்தில் சேறு போலச் சுழல்வது முழுக்க பாக்டீரியா. நம் வீட்டு அழுக்கைத் தின்று சுத்தம் செய்வது அவைதான், இயந்திரம் அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று மட்டுமே தருகிறது. "பண்டிகைக்கு முந்தின வாரம் வந்து பாருங்கக்கா, எல்லாம் செத்துப்போய்க் கிடக்கும்" என்றார். முந்நூறு வீட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் ஆசிட்டும் பிளீச்சும் பினாயிலும் ஊற்றினால் அந்த உயிர்கள் என்ன ஆகும்? கொல்வதற்கென்றே செய்த பொருட்கள் குழாயில் இறங்கியதும் கொல்வதை நிறுத்திக்கொள்வதில்லை.

பாக்டீரியா செத்தால் தண்ணீர் சரியாகச் சுத்தமாகாது. அந்தத் தண்ணீர்தான் நம் ஃப்ளஷ் தொட்டிக்கு மறுபடி வருகிறது. கழிப்பறை நாறுகிறது. நாற்றத்துக்காக இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றுகிறோம், வாஷ்பேசினில் நாலு அந்துருண்டை போடுகிறோம். அது மறுபடி கீழே போய் மிச்சமிருப்பதையும் கொல்கிறது. இந்தச் சுழலில் நம் அடுக்ககம் எத்தனை ஆண்டுகளாகச் சிக்கியிருக்கிறது என்பதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்துருண்டை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் துணிப் பெட்டியிலும் வைக்காதீர்கள்.

ஏரிக்கும் ஆற்றுக்கும் மட்டும் என்று நினைத்து இதை எழுதவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மார்கழியில் என் குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டேன். கறை போகவில்லை. அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினேன். ஒரு நிமிடத்தில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, கதவைத் தட்டிக்கூடக் கூப்பிட முடியாமல் தவழ்ந்து வெளியே வந்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரம் இருமல் விடவில்லை. எனக்கு நடந்தது ஒரு நாள். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காக்களுக்கு இது தினசரி. அவர்களில் பலர் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள், நம் பேச்சைப் பேசுபவர்கள். கையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ஒரு நாளில் ஐந்து வீட்டுப் பாத்திரம், ஐந்து வீட்டுக் குளியலறை. சாளரம் இல்லாத அறையில் ஆசிட்டின் புகையைச் சுவாசித்துக்கொண்டு தேய்க்கிறார்கள். என்ன வாங்கித் தர வேண்டும் என்று முடிவு செய்வது நாம்.

சரி, என்ன செய்வது?

முதலில் அளவு. நுரை அழுக்கை எடுப்பதில்லை. நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம், அவ்வளவுதான். காவிரித் தண்ணீர் மென்மையானது, அதற்குப் பவுடர் மிகக் குறைவாகப் போதும். டேங்கர் வரும் நாட்களில் போர்வெல் தண்ணீரின் உப்பு பவுடரைத் தின்றுவிடுவதால் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். நாமோ டேங்கர் தண்ணீருக்குப் பழகிய அளவையே எல்லா நாளும் போடுகிறோம். நான் பாதியாகக் குறைத்தேன். ஒரு மாதம் கழித்தும் வீட்டில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை. முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் இன்னும் குறைக்கலாம்.

குழாய், ஷவர், தரை ஓடுகளில் படியும் வெள்ளை உப்புக்கறைக்குக் குளியலறைக்கென்று விற்கும் கடும் ஆசிட் வேண்டியதே இல்லை. எலுமிச்சை உப்பு என்று கடையில் கேளுங்கள், சிட்ரிக் ஆசிட்தான் அது. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றிவிட்டு, அரை மணி கழித்துத் தேய்த்தால் கறை கரைந்துவிடும். மார்பிள் தரையில் மட்டும் எந்தப் புளிப்பும் படக்கூடாது, கல் அரித்துவிடும். பித்தளை விளக்குக்கு ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையே போதும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தினசரி வீடு துடைக்க வெறும் தண்ணீர் போதும். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் அந்த இடத்தைப் பிளீச் போட்டுக் கழுவுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. நோய் இல்லாத நாளில் தரையைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன?

எண்ணெய்ப் பிசுக்கை நம் பாட்டிகள் சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன், ஆனால் தேய்ப்பதற்கு முன் வாணலியைப் பழைய செய்தித்தாளால் துடைத்து எடுத்துவிடுகிறேன். அந்தத் தாள் ஈரக்குப்பைக்குப் போகிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். குழாயை அடைப்பதோடு, எஸ்.டி.பி. தொட்டியிலும் படலமாகப் படிந்து பாக்டீரியாவைத் திணறடிக்கும்.

துணிக்குப் பூந்திக்கொட்டை நன்றாக வேலை செய்கிறது. எட்டு பத்துக் கொட்டையை இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டுப் பிழிந்தால் ஒரு மெஷின் துணிக்கு ஆகும். பட்டு, பருத்திப் புடவைக்கு அதைவிட நல்லது இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சாக்ஸுக்கு மட்டும் அது போதவில்லை, அதற்கு நான் பவுடர்தான் போடுகிறேன். இயற்கைப் பொருள் என்பதால் வாரி வாரி ஊற்றலாம் என்றும் எண்ண வேண்டாம். பூந்திக்கொட்டைச் சாறு அதிகமானால் மீனுக்கு ஆகாது. சீக்கிரம் மக்கிவிடும் என்பதே அதன் பெருமை.

பழத்தோல் நொதிநீரைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், மறந்தால் டப்பா வெடிக்கும். பாத்திரத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் நன்றாக இருக்கிறது. அதைக் கிருமிநாசினி என்று சொல்லிப் பரப்புவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம்.

ஊரின் கழிவுநீர் முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டியது அரசு, தொழிற்சாலைகளைத் தட்டிக் கேட்க வேண்டியதும் அரசு, நாலு வீட்டில் பவுடரைக் குறைத்தால் ஆறு சரியாகிவிடுமா என்று போன கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அரசின் கடமையை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே இந்த ஏரி வழக்கைக் கையிலெடுத்தது, தூர் வாரும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது, அது முடிய வேண்டும், நாமும் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் தொழிற்சாலைக் கழிவால் மட்டும் வந்த நுரை இல்லை அது. துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் வீடுகளில் நடக்கிற வேலை. கெலவரப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் பயிர் செய்யும் ஓசூர் விவசாயிக்கு நம் வீட்டுத் தண்ணீர் எது, ஆலைத் தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது இதே அண்ணன்தான் எல்லா வீட்டுக் குழாய்க்கும் தண்ணீரை மிச்சப்படுத்தும் ஏரேட்டர் மாட்ட முன்னால் நின்றார். பச்சைத் தொட்டி, சிவப்புத் தொட்டி, ஒரு பை என்று குப்பையைப் பிரிக்கச் சொன்னபோது முடியவே முடியாது என்றவர்கள் எல்லோரும் இன்று பிரித்துத்தான் போடுகிறோம்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். இந்தப் பொங்கல் சுத்தத்துக்கு எந்த வீட்டிலும் ஆசிட் வேண்டாம், அந்துருண்டை வேண்டாம். பொங்கல் விழாக் குழு சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் மொத்தமாக வாங்குவது போல எலுமிச்சை உப்பும் சீயக்காய்த் தூளும் மொத்தமாக வாங்கி வீடுவீடாகக் கொடுக்கட்டும், பணம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடுக்ககத்திலும் நம்மவர்கள் சேர்ந்து போய், எஸ்.டி.பி. தண்ணீரின் மாதாந்திரச் சோதனை முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி சங்கத்திடம் கேட்போம். பொது இடங்களைத் துடைக்க என்ன வாங்குகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

எங்கள் அடுக்ககத்தில் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தத் தம்பி தொட்டியைத் திறந்து காட்டச் சம்மதித்திருக்கிறார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேலைக்கு வரும் அக்காக்களையும் அழைத்து வாருங்கள். சிட்ரிக் ஆசிட் கரைசல் ஒரு வாளி கலந்து வைத்திருப்பேன், உங்கள் வீட்டில் கறை பிடித்த ஷவர் தலையைக் கழற்றி எடுத்து வந்தால் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். தை ஐந்துக்கு நான் ஊருக்குப் போகிறேன். இந்த முறை அப்பா கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
திருக்கோவிலூரில் பிறந்து பெல்லந்தூரில் வாழும் உங்கள் சகோதரி