ராடில் பிளேட் ஏற்றுமுன் முறையைக் கற்பியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்களை நாடுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தூக்கும் முறையைக் கற்பித்த பிறகே எடையை ஏற்ற வேண்டும் என்னும் ஒழுங்கை நான் பார்த்த கூடங்கள் பலவற்றில் காணவில்லை. "உருளைக்கிழங்கு மூட்டை சுமந்த உடம்புக்கு இந்த ராடு என்ன பெரிது?" என்று பையன்கள் கேட்கிறார்கள்; பயிற்சி தரும் மாஸ்டரும் சிரித்துக்கொண்டே ராடின் இரு முனைகளிலும் பிளேட் எனப்படும் எடை வட்டுகளை மாட்டிவிடுகிறார்.

அவர்களுடைய வலிமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூட்டையை இன்னொருவர் கைகொடுத்து முதுகில் ஏற்றிவிடுவார். தரையில் கிடக்கும் ராடைத் தானேதான் எடுத்தாக வேண்டும். அது நடுப்பாதத்துக்கு நேர் மேலே இருக்குமாறு நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, முதுகை வளைக்காமல், வயிற்றை இறுக்கிக்கொண்டு, கால்களால் தரையை அழுத்தி எழ வேண்டும். ராடு காலைவிட்டு முன்னே விலக விலக, கீழ்முதுகின் மேல் விழும் சுமை கூடிக்கொண்டே போகும். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ உடல் எடைப் பிரிவில் தங்கம் வென்ற வேலூர்ப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் தூக்கும் காணொளிகளைப் பார்ப்பவர்கள் எடையைத்தான் பார்க்கிறார்கள். ராடு உடலை ஒட்டியே மேலேறுவதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

பிளேட்டின் அளவும் கவனிக்கத்தக்கது. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால், ராடு தரையிலிருந்து ஏறத்தாழ 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். இங்கே புதியவருக்கு மாட்டப்படும் 5 கிலோ இரும்பு பிளேட்டுகள் மிகச் சிறியவை. ராடு கணுக்காலருகே கிடக்க, அதை எட்டுவதற்காகவே முதுகு கூன்போட்டுவிடுகிறது. இரண்டு மரக்கட்டைகளின் மேல் ராடை வைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். காசு செலவே இல்லை.

ஆண்களுக்கான ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. தொடக்கத்தில் பிளேட் இல்லாத அந்த எடையே தாராளம். அதுவும் கனத்தால் வெறும் மூங்கில் கழியில் பழகலாம். முறை பிசகாமல் வந்த பிறகு 2.5 கிலோ, 2.5 கிலோவாகக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

நம் ஊர்க் குளிரையும் சேர்த்தே எண்ண வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்; உறைபனிக்கால விடியலில் இரும்பைத் தொட்டாலே விரல் மரத்துப்போய்ப் பிடி தளரும். சமவெளியில் செய்வதுபோல் நாலு முறை கையை வீசிவிட்டுத் தொடங்காமல், உடல் நன்றாகச் சூடேறும் வரை ஜெர்கினைக் கழற்றாதிருப்பதே நல்லது. மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென உயரும் என்பதால், அழுத்தநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி ராடை மேலே தள்ளுவது) செய்பவரின் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஸ்குவாட்டுக்கான (தோளில் ராடோடு உட்கார்ந்து எழுவது) தாங்கியில் பாதுகாப்புக் கம்பிகள் இருக்க வேண்டும்.

மாவட்ட விளையாட்டுத் துறையினர் உதகை எச்.ஏ.டி.பி. மைதானத்தில் புதியவர்களுக்கென ஒரு குறுகிய காலப் பளுதூக்கும் வகுப்பைத் தொடங்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதை மாலை நேரத்தில் வைத்தால் தோட்ட வேலை முடித்து வருபவர்களும் சேர முடியும். பெண்களுக்குத் தனிப் பயிற்றுநர் ஒருவரையும், 15 கிலோ ராடுகள் சிலவற்றையும் ஏற்பாடு செய்வது அவசியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோத்தகிரி.