மீதி வழக்கம்போல

அன்புள்ள எல்லோருக்கும்,

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. கேக் தீர்ந்துவிட்டது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த துகளைக்கூட நேற்று யாரோ கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டார்கள். யாரென்று தெரியும், சொல்லப்போவதில்லை. ஆளாளுக்கு போன் செய்து நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த ஒரு கேக்குக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அத்தை பட்ட பாடு அண்ணிக்குத் தெரியாது, அண்ணி தேடிப் பிடித்தது மாமாவுக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடிதம்.

பாட்டி இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. மார்ச்சில் அவர் போனபோது கேக்கைப் பற்றி யார் நினைத்தோம்? அக்டோபரில், பழம் ஊறப்போடும் நேரம் வந்ததும்தான் சுருக்கென்றது. அவருடைய பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுத்தோம். பால் கணக்குக்கும் சலவைக் கணக்குக்கும் நடுவில் அந்தப் பக்கம் இருந்தது. வெண்ணெய் படிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிகிற அளவுக்குக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. எழுதியிருந்தது இவ்வளவுதான்:

வெண்ணெய் ஒரு பாக்கெட். முட்டை ஆறு. மாவு இரண்டரைக் கோப்பை. சர்க்கரை ஒன்றேகால் கோப்பை. ஊறிய பழம் வேண்டிய மட்டும். மீதி வழக்கம்போல.

கிட்டத்தட்ட அறுபது வருடம் செய்த கேக்குக்கு ஆறு வரி. அடுப்புச் சூடு, நேரம், பதம், தகரத்தில் காகிதம் போடுவது, எல்லாம் அந்த ஆறாவது வரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பாட்டி வேண்டுமென்றே ஏதோ ஒன்றை மறைத்துவிட்டார் என்று நம் குடும்பத்தில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. இந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்தவர்கள் யாருக்கும் அவருடைய கேக் வரவில்லை. சித்தி மூன்று முறை செய்து, மூன்று முறையும் வறண்டுபோய், பாலில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. மருமகளுக்குச் சொல்லித் தராத மாமியார் ரகசியம் என்று கேலி செய்ததில் நானும் உண்டு. பாட்டியிடம் இனி மன்னிப்புக் கேட்க வழியில்லை. உங்கள் முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ரகசியம் என்று ஒன்று இல்லவே இல்லை. அதைக் கண்டுபிடித்தது மாமா. மாவு டின்னுக்குள் காது உடைந்த ஒரு பீங்கான் கோப்பை எப்போதும் கிடக்குமே, அதைக் கொண்டுபோய்த் தராசில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். 210 கிராம். அதாவது 210 மில்லி. கடையில் வாங்குகிற அளவுக் கோப்பை 240 அல்லது 250 மில்லி பிடிக்கும். வெண்ணெய் பாக்கெட் கணக்கு, முட்டை எண்ணிக்கைக் கணக்கு, இரண்டும் மாறாது. கோப்பையில் அளப்பவை மாவும் சர்க்கரையும்தான். நாமெல்லாம் பெரிய கோப்பையில், அதுவும் கோபுரமாகக் குவித்து அளந்தோம். பாட்டி சின்னக் கோப்பையில் தலை தட்டி அளந்தார். தலை தட்டியே அளந்தாலும் 250 கோப்பையில் மாவு மட்டும் ஏறக்குறைய ஐம்பது கிராம் கூடிவிடும். கேக் வறளாமல் என்ன செய்யும்? சித்தியிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பதினெட்டு வருஷமா என் கையைத்தானே குறை சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றார். மாமா, நீங்கள் செலவழித்தது ஒரு கோப்பைத் தண்ணீர்தான். அதற்குள் சித்திக்கு ஒரு விடுதலை இருந்தது. நன்றி.

அடுத்து அத்தை. முப்பது வருடம் பாட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். கேட்டால், “எனக்கு என்ன தெரியும், நான் பாத்திரம் கழுவினேன்” என்பார். இந்த வருடமும் அதையேதான் சொன்னார். ஆனால் அவரை மேடைக்கு முன்னால் நிறுத்தி, கையில் கரண்டியைக் கொடுத்ததும் கை தானாக நடந்தது. நானும் அக்கா மகளும் நோட்டும் தராசுமாக இரண்டு பக்கமும் நின்றோம். அத்தை எதையாவது எடுக்கும்போதெல்லாம், “நில்லுங்கள் அத்தை, எடை போட்டுக்கொள்கிறோம்” என்று கையைப் பிடித்தோம். இரண்டாவது மணி நேரத்தில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சமைக்கவா கூப்பிட்டீங்க, விசாரிக்கவா?” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை. அந்த விசாரணையில்தான் ‘வழக்கம்’ வெளியே வந்தது.

முட்டையும் வெண்ணெயும் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். குளிர்ந்த முட்டை பட்டால் குழைத்த வெண்ணெய் இறுகித் திரிந்துபோகும். முட்டையை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். திரிகிற மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி மாவு. நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கும்போது நுரை அடங்கி, மூக்கில் லேசாகக் கசப்பு ஏறும் நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதில் ஊற்றுகிற தண்ணீர் கொதிநீராகத்தான் இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஊற்றும்போது ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும் (அத்தை இதைச் சொல்லவில்லை, நான் ஊற்றப்போனபோது தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்). தகரத்துக்கு உள்ளே இரண்டு சுற்றுக் காகிதம், வெளியே தகரத்தைவிட உயரமாக ஒரு சுற்று பழுப்புக் காகிதம், அதைச் சுற்றி நூல். மூன்று மணி நேரம் வேகிற கேக் இது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நடு வேகும் முன்னே ஓரம் கரியாகிவிடும்.

எல்லாம் சரி, மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதில் அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது கைகொடுத்தது பெரியப்பா மகன் மூன்று வருடத்துக்கு முன் எடுத்த வீடியோ. நாலு நிமிடம் ஓடும். அதில் மூன்று நிமிடம் தரையும் யாரோ ஒருவரின் செருப்பும்தான் தெரியும், போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டான். ஆனால் குரல் தெளிவாக இருக்கிறது. “கரண்டியத் தூக்கினா கட்டியா விழணும், வழியக் கூடாது” என்கிறார் பாட்டி. பழம் அடியில் போய்த் தங்காமலிருக்க அதை மாவில் புரட்டிப் போட வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் நம்பியிருந்தோம். பழத்தைத் தாங்குவது மாவின் கெட்டித்தன்மைதான் என்பது அந்த ஒரு வரியில் புரிந்தது. தம்பி, அன்றைக்கு வீடியோ எடுக்கத் தெரியாதவன் என்று உன்னைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் செருப்பு உட்பட மொத்தத்தையும் மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறோம்.

அண்ணிக்கு நன்றி சொல்வது வேறு ஒரு விஷயத்துக்கு. வீட்டில் இருக்கிற எல்லோரும், கைக்குழந்தை உட்பட, ஒரு சுற்று கிண்ட வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். கண்ணை மூடி ஏதாவது நினைத்துக்கொள்ளச் சொல்வார். ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். மாற்றினால் கையில் அடி விழும். மாற்றிக் கிண்டினால் மாவு உடைந்துவிடும் என்று அண்ணன் பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து நாலு வருடமே ஆன அண்ணிதான் தேடிப் படித்துவிட்டு வந்தார். திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) தொடங்குவதற்கு முந்தின ஞாயிறன்று ஆங்கிலத் திருச்சபையில் சொல்லும் ஜெபம், மக்களின் மனதைக் கிளறிவிடும்படி ஆண்டவரிடம் கேட்பதாகத் தொடங்குகிறது. 1549-இல் வந்த பொது ஜெபப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. அந்தக் ‘கிளறு’ காதில் விழுந்ததும் ஜனங்களுக்கு வீட்டில் கிளற வேண்டிய கிறிஸ்துமஸ் புட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஞாயிறுக்கே ‘கிளறும் ஞாயிறு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு சுற்று கிண்டுவதும், கிண்டும்போது ஒன்றை நினைத்துக்கொள்வதும், குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் நினைவாகக் கிழக்கிலிருந்து மேற்காகக் கிண்டுவதும் அந்த நாளின் வழக்கம். பாட்டியும் அதே ஞாயிறுதான் கேக் செய்வார். யாரிடமிருந்து அது அவருக்கு வந்ததோ, அவர் காரணம் சொன்னதில்லை. அண்ணனின் விஞ்ஞானம் அன்றோடு முடிந்தது.

வெண்ணெய்ச் சண்டையை மறந்துவிடக் கூடாது. கொலஸ்ட்ரால் என்று சொல்லி இந்த வருடம் எண்ணெயில் செய்யலாம் என்று பெரியப்பா பிடிவாதம் பிடித்தார். அதைத் தீர்த்துவைத்தது அக்கா. குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டாள். திருவருகைக் காலம் அந்தக் காலத்தில் நோன்புக் காலம் என்பதால், ஜெர்மனியில் ஸ்டோலன் என்கிற கிறிஸ்துமஸ் ரொட்டியை வெண்ணெய் இல்லாமல் எண்ணெயில் செய்துகொண்டிருந்தார்களாம். அங்கே சாக்சனிப் பகுதியை ஆண்டவர்கள் போப்பிடம் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்துக் கடிதமே எழுதினார். ‘போப் கொடுத்த அனுமதியைப் பெரியப்பா திரும்பப் பெறலாமா?’ என்று அக்கா முடித்திருந்தாள். பெரியப்பா ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு அடங்கிவிட்டார். விட்டுக்கொடுத்ததற்கு அவருக்கும் நன்றி.

சித்தப்பாவும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிட ரம் சேராத கேக் ஒன்று வேண்டும் என்று சொன்னவர் சித்தி. நான் உற்சாகமாக அக்டோபரிலேயே ஒரு ஜாடிப் பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் போட இருந்தேன். பேக்கரியில் வேலை செய்யும் என் தோழிதான் தடுத்தாள். ரம்மில் கிடக்கும் பழம் மாதக் கணக்கில் கெடாது, சாற்றில் போட்டால் சில நாளிலேயே நொதித்துப் பூசணம் பிடிக்கும். இரண்டு நாள் ஃபிரிட்ஜில் ஊறினால் போதும், கேக்கையும் ஒரு வாரத்துக்குள் தின்றுவிடு என்றாள். அதன்படி டிசம்பர் 23 அன்று சித்தியே செய்தார். அளந்தது காது உடைந்த கோப்பையில். வறளவில்லை! அவருடைய நாலாவது முயற்சி முதலில் தீர்ந்துபோனது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி, உங்களில் பலருக்குத் தெரியாத கதை. கிளறி முடித்து, மாவைத் தகரத்தில் நிரப்பி, நம் ஓவனைத் திருப்பினால் சூடே ஏறவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் பழுது பார்த்திருந்தோம். பார்த்தவர் பெயர் இங்கே வேண்டாம். மணி இரவு எட்டரை. மேல்வீட்டு அக்கா முட்டை சாப்பிடாதவர். அவர் வீட்டு ஓவனில் முட்டை வைத்தது எதுவும் அதுவரை போனதில்லை. கேட்கத் தயங்கிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். குப்பை கொட்ட வந்தவர் பார்த்துவிட்டு, “எத்தனை டிகிரி?” என்று மட்டும் கேட்டார். 150 என்றேன். தன் ஓவன் பின்பக்கம் இடது மூலையில் அதிகம் சுடும், பாதி நேரத்துக்கு மேல் ஒருமுறை தகரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் நடு அமுங்கிவிடும் என்று அவரே சொல்லி, நள்ளிரவு வரை எங்களோடு விழித்திருந்தார். அந்தக் கேக்கில் ஒரு துண்டுகூட அவர் சாப்பிட முடியாது. அக்கா, உங்களுக்கு முட்டையில்லாமல் ஒன்று செய்து தருவதாகச் சொன்னேன். இன்னும் செய்யவில்லை. மறக்கவில்லை.

அக்கா மகளுக்கு வயது பதினொன்று. அன்று எழுதிய குறிப்பையெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவள் அவள். எந்த வரியில் ‘தேவையான அளவு’ என்று வந்தாலும் எழுந்து வந்து, “எவ்வளவு என்று சொல்” என்று நிற்பாள். ஆறு வரி இப்போது நாலு பக்கம் ஆகியிருக்கிறது. எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

பாட்டியின் கேக் வந்ததா என்று கேட்பீர்கள். நாலு வாரம் துணியில் சுற்றி, வாரம் ஒரு கரண்டி ரம் ஊட்டி, கிறிஸ்துமஸ் அன்று காலை வெட்டினோம். பெரியப்பா முதல் வாயிலேயே, “அம்மாவோடதேதான்” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். அத்தை மெதுவாக மென்று முடித்துவிட்டு, “சர்க்கரை இன்னும் கொஞ்சம் கருகியிருக்கலாம்” என்றார். நான் அத்தையை நம்புகிறேன். இரண்டாவது கேக்கை ஜனவரி 6 வரை பிரிக்காமல் வைத்திருந்து, அதுவரை லீவு கிடைக்காத தம்பி வந்ததும் வெட்டினோம். அதற்குள் அது இன்னும் பழுத்து, முதல் கேக்கைவிட நன்றாகவே இருந்தது.

கடைசியாக டப்பா விஷயம். நீல மூடி போட்டது சித்தியுடையது, சதுர டப்பா தோழியுடையது, கழுவி வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாத பெரிய டப்பா யாருடையது என்று தெரியவில்லை. அப்புறம் அந்தக் காது உடைந்த கோப்பையைக் காணவில்லை. 23-ஆம் தேதி சித்தி அளந்தார், அதன் பிறகு பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. 210 என்றுதான் தெரிந்துவிட்டதே, இனி அது எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். யார் வீட்டில் இருந்தாலும் சரி, அக்டோபருக்குள் மாவு டின்னுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
பாட்டியின் கடைசிப் பேத்தி