புழு உணவு பற்றிக் குறிப்பு வரைக: தேர்வாணையருக்கும் வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தேர்வாணையர் அவர்களுக்கும் வரலாற்றுப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில், இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு தமிழ்வழியில் படித்து வருகிறேன். சென்ற நவம்பர் பருவத் தேர்வில் 'ஐரோப்பிய வரலாறு, 1453 முதல் 1789 வரை' என்ற தாளில் நேர்ந்தவை தாங்கள் அறிந்தவையே. எங்கள் துறைத் தலைவர் வழியாக நாங்கள் அனுப்பிய மனுவுக்கு, "ஐயம் ஏற்படின் வினாத்தாளின் ஆங்கில வடிவமே இறுதியானது" என்று ஒரு வரியில் தாங்கள் பதிலும் அனுப்பிவிட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றியும், அதற்குக் காரணமான பதினான்காம் வினாவைப் பற்றியும் சில சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பதினான்காம் வினா, தமிழில் அச்சாகியிருந்தபடி, இது: "புழு உணவு பற்றிக் குறிப்பு வரைக." ஐந்து மதிப்பெண்.

தேர்வுக் கூடத்தில் அதை நான் மூன்று முறை படித்தேன். மேலே இருந்த ஆங்கில வடிவத்தையும் படித்தேன். அங்கே 'டயட் ஆப் வோர்ம்ஸ்' என்றிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை வணிகவியல் படித்த எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டயட் என்றால் உணவுக் கட்டுப்பாடு, அல்லது எங்கள் தேரூரில் இருக்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம். வோர்ம்ஸ் என்றால் புழுக்கள். ஆகவே, தாங்கள் இறுதியானது என்று சொல்லும் அந்த ஆங்கில வடிவம், தமிழ் வடிவம் சரியானதே என்று எனக்கு உறுதி கூறியது. கண்காணிப்பாளராக வந்திருந்த வேதியியல் ஆசிரியையிடம் கையை உயர்த்திக் கேட்டேன். அவர் வினாத்தாளை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "வினாவைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். விதி அப்படித்தான், அவர் மீது குறையில்லை.

எட்டு வினாக்களில் ஐந்துக்கு விடையளித்தால் போதுமே, தெரியாததை விட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அந்த எட்டில் ஒன்று 'இணைப்பு இயக்கம்' பற்றியது. இன்னொன்று 'பொதுத் தோட்டங்கள்' ஏன் கூட்டப்பட்டன என்று கேட்டது. மற்றொன்று நான் சரியாகப் படிக்காத பாடத்திலிருந்து வந்தது. அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஐந்தாவது விடைக்குப் புழுவைத் தவிர எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

எழுதினேன். புவியியல் கண்டுபிடிப்புகள் என்ற முதல் அலகில் மெகல்லனின் பயணத்தை எங்களுக்கு நடத்தியிருந்தார்கள். பசிபிக் பெருங்கடலைக் கடந்த மூன்று மாதம் இருபது நாள் புதிய உணவு எதுவுமின்றி, புழுக்கள் தின்று தீர்த்துப் பொடியாகிப்போன ரொட்டியை மாலுமிகள் தின்றார்கள் என்று, உடன் சென்ற பிகஃபெட்டா எழுதி வைத்திருப்பதை எங்கள் ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் முகம் சுளித்தோம். புழு, உணவு என்ற இரண்டு சொல்லும் ஒருசேர வந்த இடம் அந்தப் பாடத்திட்டம் முழுவதிலும் எனக்கு அது ஒன்றுதான். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பின்னர் பணம் கட்டிப் பெற்ற விடைத்தாள் நகலில், அந்த ஒன்றரைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சுழியம் இருக்கிறது. திருத்தியவர் அதை இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கு நான் விடை எழுதவில்லை என்பது உண்மை. கேள்வியும் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

தேர்வு முடிந்து வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: "வோர்ம்ஸ் சபை, 1521." ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு ஜெர்மானிய நகரம் வோர்ம்ஸ். அங்கே கூடிய புனித ரோமானியப் பேரரசின் சபைக்குப் பெயர் டயட். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னிலையில், திருச்சபையின் போக்கைக் கண்டித்துத் தாம் எழுதியவற்றைத் திரும்பப் பெற மறுத்து மார்ட்டின் லூதர் நின்ற இடம் அது. ஐயா, நான் லூத்தரன் திருச்சபையில் வளர்ந்தவள். ஆண்டுதோறும் அக்டோபர் கடைசி ஞாயிறன்று சீர்திருத்தத் திருநாள் ஆராதனையில் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தேன். அந்தத் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்னரும் கேட்டேன். ஞாயிறு பள்ளியில் ஏழு வயதில் எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை, பல்கலைக்கழகத் தேர்வில் இருபது வயதில் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தேன். பேருந்து வந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

என் பக்கத்து இருக்கையில் எழுதிய தோழியின் நிலையையும் சொல்ல வேண்டும். அவள் கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறாள். அவளுடைய பெற்றோர் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளர்கள். 'பொதுத் தோட்டங்கள்' என்ற வினாவை அவள் நம்பிக்கையோடு எடுத்தாள். பிரான்சில் எஸ்டேட் முதலாளிகள் கூலியை உயர்த்த மறுத்ததாகவும், மூன்றாவது தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் வேலைநிறுத்தம் செய்ததாகவும், அதிலிருந்தே புரட்சி வெடித்ததாகவும் எழுதியிருக்கிறாள். சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். குருமார், பிரபுக்கள், மற்ற அனைவரும் என்று மூன்று வகுப்பாகப் பிரிந்திருந்த நாட்டில், 1614க்குப் பிறகு 175 ஆண்டுகள் கூட்டப்படாமல் இருந்த 'எஸ்டேட்ஸ் ஜெனரல்' என்ற சபை 1789 மே மாதம் வெர்சேயில் கூடியபோது, வரிச்சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பினர் பொறுத்தது போதும் என்று எழுந்ததை அவள் ஏறக்குறையப் பிடித்துவிட்டாள். எஸ்டேட் என்ற சொல்லுக்கு அங்கே வகுப்பு, படிநிலை என்று பொருள் என்பதை மட்டும் அந்த வினா அவளிடமிருந்து மறைத்துவிட்டது. அவளுக்கு இப்போது அரியர். மறுமதிப்பீட்டிலும் 'மாற்றமில்லை' என்றே வந்தது.

'இணைப்பு இயக்கம்' என்பது வேலியடைப்பு இயக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் நிலவுடைமையாளர்கள் வேலிகட்டித் தமதாக்கிக்கொண்டதைக் குறிக்கும் 'என்க்ளோஷர்' என்ற ஆங்கிலச் சொல், அலுவலகக் கடிதத்தின் அடியில் எழுதும் 'இணைப்பு' ஆகிவிட்டது. இதைச் செய்தது செயலியா, மனிதரா என்று ஆராய நான் விரும்பவில்லை. பாடத்தை ஒருமுறையேனும் நடத்திய ஒருவர் அச்சுக்கு முன் அந்தத் தாளை ஐந்து நிமிடம் படித்திருந்தால் இவை மூன்றும் கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. உலக வரலாற்றுத் தாள்களின் தமிழ் வினாக்களைப் பாடம் தெரிந்தவரே எழுத வேண்டும். பாடம் நடத்தும் ஒருவர் அதைப் படித்துப் பார்த்த பின்னரே அது அச்சுக்குப் போக வேண்டும்.

இனித் தங்கள் ஒரு வரிப் பதிலுக்கு வருகிறேன். ஆங்கில வடிவமே இறுதியானது என்றால், தமிழ்வழி என்று ஒரு பிரிவை வைத்து எங்களைச் சேர்த்துக்கொண்டது எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது. குடிமைப் பணித் தேர்வின் முதன்மைத் தாள்களைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாக்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தருவார்கள் என்று நாம் டெல்லியைக் குறை சொல்கிறோம். அந்தத் தேர்விலும் உலக வரலாறு உண்டு. டெல்லி தமிழில் கேள்வியே கேட்பதில்லை. நம் பல்கலைக்கழகம் கேட்கிறது, இப்படி. இரண்டில் எது மேல் என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. மொழியை முன்வைத்துப் போராடி, 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் கொடுத்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு எழுத்தறிவில் மாநிலத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டமும் இதுதான். எங்களுக்கு நன்றாகவே படிக்க வரும். படிக்கத் தக்கதாக அச்சிட்டுத் தந்தால் போதும்.

தமிழில் நூல் இல்லை, கலைச்சொல் இல்லை என்ற பதிலையும் முன்னரே கேட்டிருக்கிறோம். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிகளுக்கென்றே தமிழில் நூல்களை வெளியிட்டது. அவற்றில் வரலாற்று நூல்களும் உண்டு. எங்கள் கல்லூரி நூலகத்தில் அவற்றில் இரண்டு, கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில், அட்டை கிழிந்து, செல்லரித்த விளிம்புகளோடு இருக்கின்றன. அதில் ஒன்றை நான் எடுப்பதற்கு முன் கடைசியாக யாரோ எடுத்தது நான் பிறப்பதற்கு முன்பு என்று உள்ளே ஒட்டியிருக்கும் தாளின் முத்திரை சொல்கிறது. பழைய நூலே ஆனாலும், அதை எழுதியவர்கள் ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடும்போது அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இதில் என்னை உறுத்தும் செய்தி இன்னொன்று உண்டு. வோர்ம்ஸில் லூதர் தம் விடையை ஜெர்மன், இலத்தீன் ஆகிய இரு மொழிகளிலும் சொன்னார். அதே ஆண்டு வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோதுதான் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1522இல் அது அச்சில் வந்தது. மொழிபெயர்ப்பைப் பற்றியே 1530இல் ஒரு திறந்த மடலும் எழுதினார். வீட்டிலிருக்கும் தாயையும் தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் சந்தையில் நிற்கும் எளிய மனிதனையும் கேட்டு, அவர்கள் பேசுகிறபடி மொழிபெயர்க்க வேண்டும் என்பது அதிலுள்ள கருத்து. அப்படிப்பட்டவரைப் பற்றிய வினாவையா புழுவாக்க வேண்டும்?

அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்து, 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து நடத்தியவர். 1777இல் இறந்த அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. முடிவுகள் வந்த வாரத்தில் என் தோழியை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். கூரையற்ற சுவர்களுக்கு நடுவே, சருகுகளை ஒதுக்கிவிட்டு, தமிழ் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தோம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுல எது இறுதியானது மக்ளே, மேலயா கீழயா?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

உலக வரலாறு எங்களுக்கு வெளியூர்ச் செய்தி அன்று. மிளகுக்காக ஆம்ஸ்டர்டாமில் போட்ட கணக்கு எங்கள் குளச்சல் மணலில் வந்து முடிந்தது. அதைப் படிக்கத்தான் இந்தப் பாடத்தில் சேர்ந்தேன். "ஹிஸ்டரி படிச்சு என்ன மக்ளே செய்யப் போற?" என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் பதில் வைத்திருந்தேன். இப்போது என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். புழுவைப் பற்றிச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

சற்று மிகையாகப் பேசியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கையை மீண்டும் பணிவுடன் வைக்கிறேன். உலக வரலாற்றுத் தாள்களின் தமிழ் வினாக்களைப் பாடம் தெரிந்தவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். பாடம் நடத்துபவர் ஒருவரின் பார்வைக்குப் பின் அச்சுக்கு அனுப்புங்கள். நவம்பர்த் தாளில் பொருள் பிறழ்ந்த மூன்று வினாக்களுக்கும், அவற்றை எழுத முயன்ற தமிழ்வழி மாணவர் அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்குங்கள். அதைக் கருணை மதிப்பெண் என்று பெயரிட்டு வழங்க வேண்டாம்; பிழைத்திருத்தம் என்றே வழங்குங்கள். என் தோழி அரியர்த் தேர்வுக்குப் பணம் கட்ட இம்மாத இறுதி வரைதான் அவகாசம் இருக்கிறது. அதற்குள் தங்கள் முடிவு வந்தால், அவளுடைய வீட்டில் அந்தப் பணத்துக்கு வேறு செலவு காத்திருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு (தமிழ்வழி) மாணவி,
கன்னியாகுமரி மாவட்டம்.

இணைப்பு (வேலியடைப்பு அன்று): வினாத்தாளின் நகல் ஒன்று.