பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு, தாய் ஓய்வெடுக்க வழி உண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தங்கைக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தும் அவள் போகவில்லை. அவள் மகனுக்கு 13 வயது, மூளைவாதம், படுத்த படுக்கை. கஞ்சி ஊட்டும்போது தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் புரையேறி நெஞ்சில் சளி கட்டிவிடும், இரவிலும் எழுந்து எழுந்து புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நான் பெரியம்மா, பகலில் எப்படியோ சமாளிப்பேன், ஆனால் வளர்ந்த பையனைத் தூக்க என் இடுப்பு இடம் கொடுக்காது. அவள் கணவர் பிறையில் லோரி ஓட்டுகிறார், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

அரசாங்கம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை இருந்து, டாக்டர் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால், வருமானம் குறைந்த வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்குச் சமூக நலத்துறை மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) தருகிறது. இது தெரியாமலே பிள்ளையை வீட்டுக்குள் வைத்துச் சிரமப்படும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து அரசாங்கத்தின் 15999 உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி, பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கும் 150. அப்புறம் வருமான வரியில் மாற்றுத்திறன் பிள்ளைக்கான கழிவை 2025 வரி ஆண்டு முதல் 8,000 வெள்ளியாக்கியிருக்கிறார்கள், ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத வீட்டுக்கு அதில் என்ன இருக்கிறது?

அந்த 500 வெள்ளி பாம்பர்ஸுக்கும் பால்மாவுக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது, மாதக் கடைசிக்கு மிஞ்சுவதில்லை. தங்கை மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் தனியார் தாதியை விசாரித்தோம், மூன்று நாள் கூலிக்கே அது போதாது. வேறு உதவி உண்டா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு, "அதுதான் மாதா மாதம் காசு வருகிறதே" என்றார்கள். அது பிள்ளையின் செலவுக்கு வரும் காசு. தாய் உடம்புக்கு முடியாமல் படுத்தால் அவள் இடத்தில் யார் நிற்பது, அந்த ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது? இதற்கென்று ஒரு திட்டம் இருப்பதாக எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 2010-இல் இணைந்தது. அதன் 28-ஆவது பிரிவு, வறுமையில் இருக்கும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பண உதவியோடு, பராமரிப்பவர் ஓய்வெடுக்கும்படி மாற்று ஏற்பாடும் கிடைக்க வேண்டும் என்கிறது. நாங்கள் கேட்பது சலுகை இல்லை, நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டது.

500 வெள்ளியில் கை வைக்காமல், ஆண்டுக்கு இத்தனை நாள் என்று பயிற்சி பெற்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்பி அந்தக் கூலியைச் சமூக நலத்துறையே நேரடியாகக் கொடுக்கட்டும். இந்தப் பிள்ளைகளைத் தூக்கவும் ஊட்டவும் பழகியவர்கள் பிடிகே மையங்களில் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்தே தொடங்கலாம். நம் பெண்களுக்கு இந்த வேலையில் பயிற்சி கொடுக்க, இந்தியர்களின் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா பணம் ஒதுக்கினால் அவர்களுக்கும் ஒரு வருமானம் ஆகும். வரும் பட்ஜெட்டுக்கு முன் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைப் பேச வேண்டும். தங்கைக்கு மறுபடியும் தேதி கேட்டிருக்கிறோம்.

ஒரு பெரியம்மா,
பினாங்கு