மருத மரத்துக் குருவிகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு அம்பாசமுத்திரத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரன் இனி எங்களோடுதான்.

ஒரே சாயலில் இருக்கும் குருவிகள் எப்படி ஒரே காட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். சண்டை உண்டு. யாரோடு யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள். இலைப்பூச்சி தின்னும் சின்னக் குருவி, எடை 8 கிராம் அளவில்தான். மேற்கு சைபீரியா, மத்திய ஆசியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு செப்டம்பர், அக்டோபரில் இங்கே வந்துவிடும். இங்கே கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. இருந்தாலும் வந்த கையோடு ஆளுக்கொரு துண்டு காட்டைப் பிடித்துக்கொள்கிறது, ஆண் தனியாக, பெண் தனியாக. எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான். மழை நின்று மாசி, பங்குனியில் காடு காயும்போது இலைப்பூச்சி குறைந்துவிடும். அப்போதும் பசியாற வேண்டுமானால் தன் மரங்களைத் தானே காத்தாக வேண்டும். பெரும்பாலும் அடிதடி வேண்டியிருப்பதில்லை. நாள் முழுக்க 'சிஸ்வீ, சிஸ்வீ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் வரப்பு. அதையும் மீறி இன்னொரு பச்சைக் கதிர்க்குருவி உள்ளே வந்தால் துரத்தும்.

அதன் கீழே புதரில் பிளைத் நாணல் கதிர்க்குருவி 'செக், செக்' என்று திரியும். அதோடு இதற்குப் பெரிய வழக்கு கிடையாது. இது மேலே இலையில் மேய்கிறது, அது கீழே புதரில். மலையேறி ஈரக்காட்டுக்குப் போனால் பெரிய அலகுள்ள இன்னொரு கதிர்க்குருவி இருக்கிறது. இமயமலை ஓடைக்கரைகளில் கூடு கட்டுகிற இனம். உடல் சற்றுப் பெரியது, அடர்ந்த நிழல்தான் அதற்குப் பிடிக்கும். பறவை ஆய்வாளர் மதுசூதன் கட்டி 1990களில் இந்தக் களக்காடு முண்டந்துறைக் காடுகளில்தான் இந்தக் குருவிகளை ஆராய்ந்தார். நம் ஊர்க்காரர்களுக்கே அது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், நான் உனக்குச் சொல்ல ஆசைப்பட்டது இதுதான். பச்சைக் கதிர்க்குருவியின் வகைகள் திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையமாக வாழ்கின்றன. இமயமலையில் பாட்டு எளிமையானது. மேற்கு வழியாகவும் கிழக்கு வழியாகவும் வடக்கே போகப் போக, இரண்டு பக்கமும் பாட்டு நீண்டு சிக்கலாகிறது. ஆனால் வேறு வேறு விதமாக. இரண்டு முனைகளும் மத்திய சைபீரியாவில் ஒரே காட்டில் சந்திக்கின்றன. டேரன் இர்வினும் ட்ரெவர் பிரைஸும் உடன் ஆய்வாளர்களும் அங்கே பாட்டை ஒலிக்கவிட்டுப் பார்த்து 2001இல் எழுதினார்கள். தன் இனப் பாட்டைக் கேட்ட ஆண் பாய்ந்து வந்தது. மற்றதன் பாட்டைக் கேட்டு அசையவே இல்லை. நினைத்துப் பார், பார்வைக்கு அவ்வளவு ஒற்றுமை, ஆனால் ஒன்றின் எல்லை அறிவிப்பு மற்றதன் காதில் ஏறுவதே இல்லை. ஒன்றை ஒன்று போட்டியாக எண்ணாததால் இரண்டும் ஒரே மரத்தில் பாட முடிகிறது. அதில் மேற்கு முனைக்காரன்தான் குளிர்காலத்தில் நம் பக்கம் வருகிறான். கிழக்கு முனைக்காரன் தாய்லாந்து, இந்தோசீனாப் பக்கம் போய்விடுகிறான். பின்னாளில் மரபணுவைப் பார்த்தபோது, அந்த வளையம் இடையிடையே அறுபட்டிருந்த காலங்களும் உண்டு என்று தெரிந்தது. ஆனாலும் அந்தச் சைபீரியக் காட்டை நினைக்கும்போது எனக்கு வரும் பிரமிப்பு குறையவில்லை.

இதனால்தான் ஃபோனில் பாட்டைப் போட்டுப் பறவையை வரவழைத்துப் படம் எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆய்வுக்காக அளவோடு செய்வது வேறு. பொழுதுபோக்குக்கு ஆளாளுக்குச் செய்தால், மேய்கிற நேரத்தில் அந்தச் சின்ன உயிர் இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. பங்குனி முடிந்ததும் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டும்.

பொங்கல் முடிந்து வா. ஆற்றங்கரை மருத மரங்களுக்கே கூட்டிப்போகிறேன். மேடு ஏற வேண்டாம், உன் முட்டிக்குத் தொந்தரவு இருக்காது. பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, உன்னுடையதையும் எடுத்துவா. எந்த ரயில் என்று முன்கூட்டி எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்