கிலோவை எழுதாத வர்த்தமானி: சம்பள நிர்ணய சபைக்கும் மலையகப் பிரதிநிதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சபை உறுப்பினர்களுக்கும், எங்கள் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் போயிருப்பவர்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளத்தைச் சட்டம் போட்டுத்தான் கூட்ட முடியும் என்றால் கூட்டத்தான் வேண்டும். 2021 மார்ச்சில் 1,000 ரூபா நாட்சம்பளம் அரசாங்க வர்த்தமானியில் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எத்தனை ஊர்வலம், எத்தனை மேடை பார்த்த தொகை அது! ஆனால் அந்த வர்த்தமானி நாட்சம்பளத்தை மட்டுமே எழுதியது. அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று எழுதவில்லை. கூட்டிய காசு அந்த வழியாகத்தான் வெளியே போனது.

என் அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மாலை நிறுவையில் தராசு 19 கிலோ காட்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிப்பார்கள். மீதி 17. தோட்டம் கேட்பது 20. அப்புறம் என்ன, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன நேரமும் மலையை விட்டு இறங்கிய நேரமும் முழுப்பேர் வாங்கியவருக்கும் அம்மாவுக்கும் ஒன்றேதான். மழையில் நனைந்த கொழுந்துக்குக் கழிவு இருக்கிறது, அதே மழையில் நனைந்த ஆளுக்குக் கணக்கு இல்லை. அரைப்பேர் விழுந்தால், ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதிக்குப் போகும் பணமும் அந்த அளவுக்குக் குறையும். இந்த இழப்பு ஓய்வு பெறும்வரை கூடவே வரும்.

அதே 2021 மே மாதத்தில் இன்னொரு வர்த்தமானி வந்தது. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் செடி நலிந்துவிட்டது. உரம் காணாத செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? ஒரு சட்டம் சம்பளத்தைக் கூட்டியது. அதற்காகக் கம்பனி கிலோவைக் கூட்டியது. இன்னொரு சட்டம் கொழுந்தைக் குறைத்தது. மூன்றும் வந்து இறங்கியது பறிக்கிற பெண்ணின் கூடையில். கொழும்பில் ஒரு மேசையில் உட்கார்ந்தவர்கள் பக்கத்து மேசையில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்திருந்தால் போதும். 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடைசெய்தபோதும் இதுதான் நடந்தது. புல் இடுப்பளவு வளர்ந்த மலைக்குள் அட்டைக்கும் பாம்புக்கும் குளவிக்கும் நடுவே போய்ப் பறித்தவர்கள் இதே பெண்கள். தேயிலைக்கு அந்தத் தடை தளர 2018 ஆனது.

1,000 ரூபா வந்ததோடு கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. அந்த ஒப்பந்தத்தில் குறைகள் நிறைய இருந்தன, நானே திட்டியிருக்கிறேன். ஆனாலும் கிலோவைப் பற்றியும் வேலை நாளைப் பற்றியும் தொழிற்சங்கம் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது. இப்போது தோட்ட நிர்வாகியான துரை சொல்வதுதான் கிலோ. பறித்த கிலோவுக்கு மட்டும் காசு கொடுக்கும் கைகாசு வேலையும் கூடிவிட்டது. தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் முறையும் பரவுகிறது. அதில் வருமானம் கூடுகிறது என்பவர்கள் உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி மலையை எடுத்தவர் தொழிலாளி என்ற கணக்கிலிருந்தே வெளியே போகிறார். சேமலாப நிதி, பிரசவக் காசு, நீங்கள் வர்த்தமானியில் போடும் நாட்சம்பளம், எதுவும் அவரைத் தொடாது.

இது புதிதும் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் பெரிய நிலச்சொந்தக்காரரிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் காணியை மீட்க வந்தவை என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் காணியில் பரம்பரையாக உழைத்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வேலை போய், அரிசி போய், குடியிருந்த லயத்தை விட்டே துரத்தப்பட்டவர்கள் எத்தனையோ பேர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டில் உயிரை விட்டார்.

2024இல் 1,700 ரூபா வர்த்தமானி உயர் நீதிமன்றத்தில் நின்றுபோய், செப்டம்பரில் 1,350 ஆக வந்தது. பிறகு 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 அறிவித்தார்கள். அதில் 200 ரூபா அரசாங்கமே தரும் வருகை ஊக்குவிப்பு. தொகை வளர்கிறது. அதற்கு நன்றி. ஆனால் கிலோ இன்னும் துரையின் கையில்தான் இருக்கிறது.

அடுத்த வர்த்தமானியில் தொகைக்குக் கீழே இன்னும் சில வரிகள் எழுதுங்கள். எட்டு மணித்தியாலம் மலையில் நின்றவருக்கு அரைப்பேர் போடக் கூடாது. அவருக்கு அந்த 200 ரூபாவும் முழுதாகச் சேர வேண்டும். பெப்ரவரி வெயிலுக்கும் மே மழைக்கும் ஒரே கிலோ கேட்கக் கூடாது. மலையையும் மாதத்தையும் பார்த்து, பறிக்கிறவர்களையும் உட்காரவைத்துத்தான் கிலோவை முடிவு செய்ய வேண்டும். நிறுவைக் கழிவுக்கு உச்ச அளவு வேண்டும். மலை எடுத்துக் கொழுந்து கொடுப்பவருக்கும் சேமலாப நிதி வேண்டும். அப்புறம், வரைவைக் கையெழுத்துக்கு அனுப்புமுன் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டத்து மாலை நிறுவைக்கு வந்து, கழிவு போடும் வரை தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள்