கண்டுபிடிக்கிற வரைக்கும் கூட நின்னவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 57, ஊர் தேனி பக்கம். கர்ப்பப்பையில கேன்சர்னு உறுதியாயிருச்சு, ஆரம்பத்துலயே பாத்துட்டதா டாக்டர் சொல்றாங்க, அடுத்த வாரம் மதுரைல ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா அந்த டாக்டர்களுக்கு குடும்பத்தோட போய் நன்றி சொல்லுவோம், அது எல்லாரும் செய்யுறது தான். ஆனா இது என்ன வியாதின்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் கூட நின்னாங்களே, அவங்க அடுத்த பேஷன்ட்ட பாக்கப் போயிருவாங்க, பாதிப் பேரு பேரு கூட எனக்கு தெரியாது. அதனால தான் போறதுக்கு முன்னாடியே இத எழுதிரலாம்னு மகளோட போன வாங்கி உக்காந்துருக்கேன்.

முதல் நன்றி மக்களைத் தேடி மருத்துவத்துல மாசாமாசம் வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் குடுக்குற தங்கச்சிக்கு. எனக்கு பீரியட்ஸ் நின்னு ஆறு வருசம் ஆச்சு, திடீர்னு துணியில லேசா கறை, வலி ஒண்ணும் கிடையாது. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டுனப்ப உடம்பு சூடு, இந்த வயசுல சிலருக்கு இப்படி வரும்னு ரத்தம் நிக்க மாத்திரை குடுத்தாங்க, நின்னுச்சு, மறுபடி வந்துச்சு. அந்த தங்கச்சி கைல பிரஷர் பட்டைய சுத்திக்கிட்டு இருக்கப்ப பேச்சுவாக்குல சொன்னேன். உடனே நிமிந்து பாத்து, "அக்கா, பீரியட்ஸ் நின்னு ஒரு வருசம் தாண்டிட்டா அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் காட்டணும்கா, மாத்திரை போட்டு நிறுத்துறது இருக்கட்டும், எதுக்கு வந்துச்சுன்னு பாத்தாங்களா"ன்னு கேட்டுச்சு. யாருமே கேக்காத கேள்வி அது. அங்கேயே நர்ஸம்மாவுக்கு போன் போட்டு பேசி, எந்தக் கிழமை எந்த ஓபில லேடி டாக்டர் இருப்பாங்கன்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டு தான் அடுத்த வீட்டுக்கு போச்சு. தங்கச்சி, நீ நல்லா இருக்கணும்மா.

ஓபில பாத்த டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வெளிய அவ்வளவு கூட்டம், ஆனா என்னை உக்கார வச்சு கேட்டாங்க, எப்ப நின்னுச்சு, எவ்வளவு படுது, சுகர் எத்தனை வருசமா, மார்பு கேன்சருக்கு மாத்திரை ஏதும் சாப்பிட்டிருக்கீங்களா, வீட்டு வழியில யாருக்காவது குடல் கேன்சர் இருந்துச்சான்னு. எங்க தாய்மாமாவுக்கு குடல்ல வந்துச்சுன்னு சொன்னதும் அத தனியா கோடு போட்டு எழுதிக்கிட்டாங்க. போன வருசம் கேம்ப்ல பாப் டெஸ்ட் எடுத்து நார்மல்னு வந்துச்சே டாக்டர்னு கேட்டேன், அது கர்ப்பப்பை வாய்க்கு பாக்குறதும்மா, உங்களுக்கு பாக்க வேண்டியது உள்சுவரு, அதுல இருந்தா அந்த டெஸ்ட்டுல பெரும்பாலும் தெரியாதுன்னு பேப்பர்ல படம் வரைஞ்சே காட்டுனாங்க. இது எத்தனை பொம்பளைங்களுக்கு தெரியும்னு நெனச்சா எனக்கு பதறுது. நிறைய பேரு அந்த ஒரு ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு நமக்கு கேன்சரே இல்லன்னு தான இருப்பாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, இப்படி ரத்தம் படுற 10 பேர்ல சுமாரா 9 பேருக்கு கேன்சரா இருக்காது, சவ்வு மெலிஞ்சு போறது, சின்ன சதை வளர்றதுன்னு வேற காரணம் இருக்கும், ஆனா இந்த கேன்சர் வந்தவங்கள்ல 10ல 9 பேருக்கு முதல்ல தெரியுறது ரத்தம் தான், அதனால பாத்துருவோம்னாங்க. அத கேட்டப்புறம் தான் எனக்கு நடக்கவே தெம்பு வந்துச்சு.

ஸ்கேன் எடுத்த மேடத்துக்கும் நன்றி. உள்ள வச்சு பாக்குற ஸ்கேன்னு சொன்னதும் எனக்கு கூச்சத்துல கண்ணீரே வந்துருச்சு. கூட இருந்த பையன வெளிய அனுப்பி, திரைய இழுத்து விட்டு, கருவியில புது உறை மாட்டுறத காட்டி, இப்ப வைக்கப் போறேன், வலிச்சா சொல்லுங்க நிறுத்திருவேன்னு ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி செஞ்சாங்க. பீரியட்ஸ் நின்ன பிறகு ரத்தம் பட்டா உள்சுவரு 4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா சதை எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம், எனக்கு 13 இருந்துச்சு.

சதை எடுக்குறது மயக்க ஊசி இல்லாம ஓபிலயே நடந்துச்சு, ஜூஸ் ஸ்ட்ராவ விட மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் குழாய். பொய் சொல்ல மாட்டேன், அடிவயித்துல புடிச்சு இழுக்குற வலி, ஆனா சீக்கிரம் முடிஞ்சுருச்சு, அவ்வளவு நேரமும் ஒரு சிஸ்டர் என் கைய விடவே இல்ல. பாட்டில்ல என் பேரு, வயசு, ஓபி நம்பரு சரியா இருக்கான்னு என்னையே வாசிக்கச் சொல்லிட்டு தான் லேபுக்கு அனுப்புனாங்க.

இப்ப சொல்லப்போற ஆள நான் பாத்ததே இல்ல, ஆணா பெண்ணான்னு கூட தெரியாது. லேப்ல மைக்ராஸ்கோப்ல வச்சு பாத்த டாக்டர். முதல் ரிப்போர்ட்ல, வந்த சதை போதாது, நோய் இருக்கு இல்லன்னு இத வச்சு சொல்ல முடியாதுன்னு எழுதியிருந்தாங்க. எங்க வீட்ல எல்லாரும், கேன்சர்னு எழுதலேல்ல, அப்ப ஒண்ணும் இல்ல, கெளம்புன்னு சாமி கும்புட்டுட்டாங்க. டாக்டரம்மா தான் எங்க வீட்டுக்காரர உக்கார வச்சு, இது நார்மல் ரிப்போர்ட் இல்லங்கய்யா, பதில் இன்னும் வரல, அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய் சுருங்கியிருந்ததால குழாயில சதை சரியா வரல, மயக்கம் குடுத்து உள்ள கேமரா விட்டுப் பாத்து எடுக்கணும்னு புரிய வச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்த லேப் டாக்டரு இருந்த துளிய வச்சு கேன்சர் இல்லன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் இன்னைக்கும் சந்தோசமா வீட்ல உக்காந்துருப்பேன், உள்ள அது பாட்டுக்கு வளந்துக்கிட்டு இருந்துருக்கும். தெரியலைங்கறத தெரியலைன்னே எழுதுன அந்த கைக்கு கோடி நன்றி.

ரெண்டாவது தடவை ஈசிஜி, சுகர் எல்லாம் பாத்து மயக்கம் குடுத்து எடுத்தாங்க. ரிப்போர்ட் வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. ஏன் இவ்வளவு நாளுன்னு எம்மக கொஞ்சம் கோபமாவே கேட்டுருச்சு, லேப்ல இருந்த தம்பி அதுக்கு முகம் சுளிக்கல, சதைய மருந்துல ஊற வச்சு, மெழுகுல பதிச்சு, முடிய விட மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி பாக்கணும்கா, அவசரப்பட்டா தப்பாயிரும்னு நின்னு நிதானமா சொல்லுச்சு. அந்த தம்பிக்கும் நன்றி.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு டாக்டரம்மாகிட்ட, அவளுக்கு சொல்லாதீங்க, தாங்க மாட்டான்னு கையெடுத்து கும்புட்டாராம். அவரு பாசம் அது. ஆனா டாக்டரம்மா என்னையே கூப்பிட்டு, உங்க கூட யாரு இருந்தா நல்லா இருக்கும்னு கேட்டாங்க. எங்க மதினிய சொன்னேன், எங்க வீட்டுக்காரரோட அக்கா. ரெண்டு பேரையும் உக்கார வச்சு, சுத்தி வளைக்காம, கேன்சர் தான்ம்மா, கிரேடு 1, மெதுவா வளர்ற வகை, எம்ஆர்ஐ எடுத்து எவ்வளவு ஆழம்னு பாப்போம்னு சொன்னாங்க. மதினி என் தோள புடிச்சுக்கிட்டு, கேக்க வேண்டியதெல்லாம் எனக்கு பதிலா கேட்டாங்க. என்கிட்ட மறைச்சிருந்தா ஒவ்வொரு மூஞ்சியா பாத்துப் பாத்தே நான் செத்துருப்பேன்.

எம்ஆர்ஐல கேன்சர் கர்ப்பப்பையோட சதைச் சுவருக்குள்ள பாதிக்கு மேல போகலன்னு வந்துருக்கு. தாய்மாமா விசயத்தால, லேபுக்கு எடுத்த அதே சதையில இன்னொரு டெஸ்ட்டும் பண்ணி, பரம்பரையா வந்துருக்க வாய்ப்பு கம்மின்னு சொன்னப்ப தான் எம்மகள கட்டிப் புடிச்சு அழுதேன்.

முதலமைச்சர் காப்பீட்டு கவுண்டர்ல ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுல எது குறையுதுன்னு பொறுமையா சொன்ன பாப்பாவுக்கும், வார்டுல எனக்கு சுடுதண்ணி புடிச்சுக் குடுத்த பக்கத்து பெட் அம்மாவுக்கும், கோழிய மாட்டப் பாத்துக்கிட்ட எதுத்த வீட்டுக்காரங்களுக்கும் நன்றி.

ஆபரேஷன்ல எடுக்குற கர்ப்பப்பையும் சினைப்பையும் அதே லேபுக்கு தான் போகுமாம், அங்க பாத்த பிறகு தான் எந்த ஸ்டேஜ், கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணுமா வேண்டாமான்னு முடிவா சொல்லுவாங்களாம். அந்த டாக்டரு கைக்கே அது போகணும்னு தான் நான் வேண்டிக்கிட்டு இருக்கேன்.